ஊசித் துளையில் உலகம்

(பதினோராம் வகுப்பு, விஞ்ஞானக் கழக மாணவியர்)



விஞ்ஞானக் கண்டுபிடிப்பு என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது என்ன? பெரிய ஆய்வுக்கூடம், விலையுயர்ந்த கருவிகள், வெள்ளை அங்கி அணிந்த மேதைகள். இவையெல்லாம் உண்மையே. ஆயினும் ஒரு காசு செலவில்லாத கருவி ஒன்றும் உலகில் உண்டு. அதற்குச் சக்கரம் இல்லை, கண்ணாடி இல்லை, மின்சாரமும் வேண்டாம். அது வெறும் துளை! அந்தத் துளை சூரியனை அளந்திருக்கிறது. நாட்காட்டியைத் திருத்த உதவியிருக்கிறது. இவ்வாண்டு எங்கள் வகுப்பில் ஒரு தோழிக்குப் பேருதவியும் செய்திருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முன்வந்தோம்.

இது தொடங்கியது சென்ற ஜூலை மாதத்தில். விஞ்ஞானக் கூடத்திற்குப் பின்னால் உள்ள சாமான் அறையைச் சுத்தம் செய்யும் வேலை எங்கள் கழகத்திற்குக் கிடைத்தது. சன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கதவைச் சாத்தியதும் ஒரே இருட்டு. திடீரென எங்களில் ஒருத்தி வீறிட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு வேப்பமரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது! இலைகள் அசைந்தன. வானம் கீழே இருந்தது; தரை மேலே இருந்தது. சற்று நேரத்தில் எங்கள் தோட்டக்காரத் தாத்தாவும் தலைகீழாக நடந்து வந்து, தலைகீழாகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். பயந்தவர்கள் பாதி, சிரித்தவர்கள் பாதி. சத்தம் கேட்டு வந்த எங்கள் விஞ்ஞான ஆசிரியை சிஸ்டர் அவர்கள் கோபிக்கவில்லை. சன்னல் பலகையில் ஆணி பெயர்ந்த ஒரு துளையைச் சுட்டிக் காட்டினார்கள். "இத்தனை நாள் இந்த அறைதான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றைக்குத்தான் நீங்கள் அதைப் பார்த்தீர்கள்" என்றார்கள்.

ஏன் தலைகீழாகத் தெரிகிறது?

ஒளி நேர்கோட்டில் செல்லும். இதை நாம் எட்டாம் வகுப்புக்கு முன்னரே படித்துவிட்டோம். மரத்தின் உச்சியிலிருந்து புறப்படும் ஒளி துளை வழியாகச் சாய்வாக இறங்கி, சுவரின் கீழ்ப்பகுதியில் விழுகிறது. அடிமரத்திலிருந்து வரும் ஒளி சாய்வாக ஏறி, சுவரின் மேற்பகுதியில் விழுகிறது. ஆகவே படம் தலைகீழாகிறது. இடம் வலமும் மாறிவிடுகிறது. துளை சிறியதாக இருப்பதால் மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்து வரும் ஒளியும் சுவரில் தனக்குரிய ஒரு சிறு இடத்தில் மட்டும் விழுகிறது. சன்னலை முழுவதும் திறந்துவிட்டால் எல்லா ஒளியும் எல்லா இடத்திலும் விழுந்து கலந்துவிடும். படம் மறைந்து வெளிச்சம் மட்டுமே எஞ்சும்.

இதைச் சீன நாட்டில் மோ சூ என்ற அறிஞரும் அவர் வழிவந்தவர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறார்கள். கி.பி. 965 வாக்கில் பாஸ்ரா நகரில் பிறந்து, பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த இபின் அல் ஹைதம் என்ற அரபு அறிஞர் இதைச் சோதனை செய்தே காட்டினார். துளைக்கு முன் பல விளக்குகளை வரிசையாக வைத்தார். இருட்டறைச் சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒரு புள்ளி மட்டும் மறைந்தது. ஒரே துளையில் நுழைந்தாலும் ஒளிக்கதிர்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை என்பதை இவ்வளவு எளிமையாக விளக்கிவிட்டார்!

நாம் கையில் வைத்துப் படம் எடுக்கும் 'கேமரா' என்ற சொல்லுக்கு இலத்தீன் மொழியில் அறை என்றே பொருள். இருட்டறை என்னும் பொருள்பட 'கேமரா அப்ஸ்க்யூரா' என்ற பெயரை 1604 இல் வழங்கியவர் ஜெர்மானிய வானியல் அறிஞர் கெப்ளர்.

சதுரத் துளையும் வட்ட ஒளியும்

இங்கே ஒரு புதிர். மரத்தடியில் நண்பகலில் நிற்கும்போது தரையைப் பாருங்கள். இலைகளின் இடுக்குகள் கோணல்மாணலாக இருக்கின்றன. ஆனால் தரையில் விழும் ஒளித்துண்டுகள் பல வட்ட வட்டமாக இருக்கின்றன! இது ஏன் என்ற கேள்வி பண்டைய கிரேக்க நாட்டிலேயே எழுந்தது. சரியான விடையை அச்சில் தந்தவர் கெப்ளர். அவர் செய்தது ஒரு விளையாட்டுப் போன்ற சோதனைதான். ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்து, அதன் மூலையில் நூலைக் கட்டி, பல கோணங்கள் கொண்ட ஒரு துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு அந்த நூலைத் தரைவரை இழுத்து, தரையில் கோடு வரைந்தார். நூல்தான் ஒளிக்கதிர், புத்தகம்தான் விளக்கு. தரையில் கடைசியில் உருவானது துளையின் வடிவம் அன்று, புத்தகத்தின் வடிவம்!

அப்படியானால் மரத்தடியில் நாம் மிதித்துச் செல்லும் வட்டங்கள் என்ன? அவை ஒவ்வொன்றும் சூரியனின் படம். 2019 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், கோவை, திண்டுக்கல், திருச்சி ஆகிய இடங்களில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று காலை மரத்தடிகளில் வட்டங்களுக்குப் பதிலாகப் பிறைகள் விழுந்தன. எங்களில் பலர் அப்போது சிறு வகுப்பில் இருந்தோம்; கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிட்டோம். சூரியனை நேரே பார்த்தால்தான் கண்ணுக்கு ஆபத்து, தரையில் விழும் அதன் படத்தைப் பார்ப்பதில் ஆபத்து ஏதுமில்லை என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

தேவாலயத்தில் ஒரு வானாய்வுக்கூடம்

இனி எங்களை மிகவும் வியக்க வைத்த செய்திக்கு வருவோம். ஐரோப்பாவின் மிகச் சிறந்த சூரிய ஆய்வுக்கூடங்களாக ஒரு காலத்தில் விளங்கியவை எவை தெரியுமா? கத்தோலிக்கத் தேவாலயங்கள்!

உயிர்ப்புப் பெருவிழா ஆண்டுதோறும் வெவ்வேறு தேதியில் வருவதை நாம் அறிவோம். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறே அவ்விழா. மார்ச் 21 என்பது பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள் என்று வைத்துக் கணக்கிட்டார்கள். ஆனால் ஜூலியஸ் சீசர் காலத்து நாட்காட்டி, ஆண்டுக்கு 365 நாட்களும் 6 மணியும் என்று வைத்தது. உண்மையான ஆண்டு அதைவிட ஏறக்குறைய 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம்தானே என்று எண்ண வேண்டாம்! கி.பி. 325 இல் நிசேயா சங்கம் கூடிய காலத்திலிருந்து கணக்கிட்டால், பதினாறாம் நூற்றாண்டில் அது பத்து நாட்களாகச் சேர்ந்துவிட்டது. நாட்காட்டி மார்ச் 21 என்று சொன்ன நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே சம இரவு பகல் வந்து போய்விட்டது.

சாமிநாதர் சபைத் துறவியான எக்னாசியோ டான்டி, வத்திக்கானில் காற்றுக் கோபுரம் என்னும் கட்டடத்தின் சுவரில் ஒரு துளையையும், தரையில் வடக்குத் தெற்காக ஒரு கோட்டையும் அமைத்தார். துளை வழி வந்த சூரிய ஒளி கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்தே பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் நாட்காட்டியின் பிழையைக் கண்ணாரக் கண்டார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய ஆணைப்படி 1582 ஆம் ஆண்டில் பத்து நாட்கள் நீக்கப்பட்டன. அக்டோபர் 4 ஆம் தேதிக்கு மறுநாள் அக்டோபர் 15! அந்த இரவில்தான் ஸ்பெயின் நாட்டில் அவிலா புனித தெரேசம்மாள் இறைவனடி சேர்ந்தார். அவர் திருவிழாவை நாம் அக்டோபர் 15 அன்று கொண்டாடுவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா? ஒரே இரவில் பத்து நாட்களைக் கடந்து சென்ற புனிதர் அவர்!

இதற்குப் பின் 1655 இல், இத்தாலியின் போலோஞா நகரில், புனித பெத்ரோனியுஸ் பேராலயத்தில் காசினி என்ற வானியல் பேராசிரியர் ஒரு பெருங்காரியம் செய்தார். சுமார் 27 மீட்டர் உயரத்தில் கூரையில் 27 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை. தரையில் தூண்களுக்கு இடையே நூல் பிடித்தாற்போல் ஏறக்குறைய 67 மீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. நண்பகல்தோறும் சூரியனின் படம் அந்தக் கோட்டைக் கடந்து செல்லும். கோடைக்காலத்தில் துளைக்கு அருகிலும், குளிர்காலத்தில் கோட்டின் கோடியிலும் விழும். அந்தக் கோடு இன்றும் இருக்கிறது.

காசினி அதைக் கொண்டு ஒரு பெரிய வழக்கைத் தீர்த்தார். வானத்தில் சூரியன் ஜனவரியில் சற்று விரைவாகவும், ஜூலையில் சற்று மெதுவாகவும் நகர்வதாகத் தெரியும். ஏன்? வேகம் மாறுவதே இல்லை, ஜனவரியில் சூரியன் அருகில் இருப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது என்றது பழைய கொள்கை. தூரமும் மாறுகிறது, வேகமும் மெய்யாகவே மாறுகிறது என்றார் கெப்ளர். எது சரி? தூரம் மட்டுமே காரணமானால், சூரியனின் உருவமும் அதற்குத் தக்கபடி அதிகமாகப் பெருத்துச் சிறுக்க வேண்டும். காசினி தரையில் விழுந்த படத்தை ஆண்டு முழுவதும் அளந்தார். பழைய கொள்கை எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி மாற்றமே இருந்தது. கெப்ளர் சொன்னதே சரி!

கலிலேயோவுக்கு 1633 இல் திருச்சபை நீதிமன்றம் தண்டனை விதித்தது நாம் வருந்த வேண்டிய வரலாறு. பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 1992 இல் அந்தத் தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அத்தீர்ப்பு வந்து 22 ஆண்டுகளுக்குப் பின், ஒரு கத்தோலிக்கப் பேராலயத்தின் தரையிலேயே கெப்ளரின் கொள்கைக்குச் சான்று கிடைத்தது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

நாங்கள் சூரியனை அளந்தோம்

காசினி செய்ததைச் சிறிய அளவில் நாமும் செய்தால் என்ன என்று தோன்றியது. பேராலயக் கூரையில் துளை போட நமக்கு யார் அனுமதி தருவார்கள்? ஒரு சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை எடுத்தோம். அதன் மேல், அரை சென்டிமீட்டர் அளவில் சதுரத் துளை வெட்டிய கறுப்புத் தாளை ஒட்டினோம். வராந்தாவில் வெயில் படும் இடத்தில் அதை வைத்து, ஒளியை வகுப்பறைக்குள் திருப்பினோம். 6 மீட்டர் தொலைவில் இருந்த சுவரில் அழகான வட்டம் விழுந்தது. துளை சதுரம், ஒளி வட்டம். கெப்ளர் சொன்னது பொய்க்கவில்லை!

வட்டத்தின் அகலம் 6.1 சென்டிமீட்டர். சூரியன் நம்மிடமிருந்து ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 6.1 ஐ 600 ஆல் வகுத்து, 15 கோடியால் பெருக்கினோம். சூரியனின் விட்டம் 15 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர் என்று வந்தது. மகிழ்ச்சியோடு சிஸ்டரிடம் ஓடினோம். அவர்கள் பார்த்துவிட்டு, "துளைக்கும் ஓர் அகலம் உண்டு அல்லவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அரை மணி நேரம் யோசித்த பிறகே விளங்கியது. துளை வெறும் புள்ளியாக இராமல் அரை சென்டிமீட்டர் இருந்ததால், படமும் அந்த அளவு விரிந்துவிட்டது. அதைக் கழித்தால் 5.6 சென்டிமீட்டர். மறுபடியும் கணக்கிட்டோம். 14 லட்சம் கிலோமீட்டர்! புத்தகத்தில் உள்ள அளவு ஏறக்குறைய 13 லட்சத்து 92 ஆயிரம். நாங்கள் முதலில் கவனிக்காமல் விட்ட அந்த அரை சென்டிமீட்டர், கணக்கில் நம் பூமியைப் போல ஏறக்குறைய பத்து உருண்டைகளை வரிசையாக அடுக்கும் அளவுக்குப் பிழையாகிவிட்டது. கண்ணாடியைத் தோழியரின் முகத்துக்கு நேரே திருப்பக் கூடாது என்ற எச்சரிக்கையையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

வீட்டில் செய்ய ஒரு பெட்டி

வேண்டியவை: செருப்பு வாங்கிய காலி அட்டைப் பெட்டி ஒன்று, சாக்லேட் சுற்றி வரும் ஈயத்தாள், எண்ணெய் தடவிய மெல்லிய வெள்ளைத் தாள், பசை, தையல் ஊசி, கறுப்புத் துணி.

பெட்டியின் ஒரு குறுகிய பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, அங்கே ஈயத்தாளை ஒட்டுங்கள். அதன் நடுவில் ஊசி முனையால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத துளை இடுங்கள். எதிர்ப் பக்கத்தை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, எண்ணெய்த் தாளைத் திரைபோல் விறைப்பாக ஒட்டுங்கள். மூடியைச் சாத்தி, இடுக்குகளில் தாள் ஒட்டி, வெளிச்சம் புகாதபடி செய்யுங்கள். நிழலில் நின்று, துளை உள்ள பக்கத்தை வெயில் படும் தெருவுக்குத் திருப்பி, கறுப்புத் துணியால் தலையையும் திரையையும் மூடிக்கொண்டு பாருங்கள். தெரு முழுவதும் தலைகீழாக, வண்ணத்தோடு, அசைந்துகொண்டு தெரியும்.

துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், தெளிவு குறையும். அப்படியானால் மிக மிகச் சிறிதாக்கினால் மிக மிகத் தெளிவாகுமா? ஆகாது. ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒளி விளிம்பில் வளைந்து பரவத் தொடங்கும். இதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர் அதே போலோஞா நகரில் ஆசிரியராக இருந்த கிரிமால்டி என்ற சேசு சபைத் துறவி. அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1665 இல் வெளிவந்தது. அவர் பயன்படுத்திய கருவியும் இருட்டறையும் சிறு துளையுமே!

மிக முக்கியமான எச்சரிக்கை: இந்தப் பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பிப் பார்க்கக் கூடாது. துளை வழியே சூரியனை நேரே பார்க்கவே கூடாது. சூரியனைப் பார்க்க விரும்பினால் அதற்கு முதுகைக் காட்டி நின்று, அட்டைத் துளை வழியாகத் தரையில் விழும் படத்தை மட்டுமே பார்க்க வேண்டும்.

லென்ஸ் வந்த பிறகு துளைக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். எக்ஸ் கதிர்களைக் கண்ணாடி லென்ஸால் வளைத்துக் குவிக்க முடியாது. ஆகையால் நம் நாடு 2015 செப்டம்பர் 28 அன்று விண்ணில் செலுத்திய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில், பல துளைகள் இட்ட ஒரு தகட்டைக் கொண்டே எக்ஸ் கதிர்களைப் பார்க்கும் கருவி ஒன்றை வைத்தார்கள். கடலில் வாழும் நாட்டிலஸ் என்ற சங்கு உயிரின் கண்ணிலும் லென்ஸ் கிடையாது. வெறும் துளைதான் அதன் கண்.

எங்கள் தோழியின் கண்டுபிடிப்பு

கடைசியாக, நாங்கள் சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்பில் ஒரு தோழி. ஐந்தாவது பெஞ்சில் உட்காருவாள். கரும்பலகையில் 3 என்று எழுதினால் 8 என்று எழுதிக்கொள்வாள். கணக்குகள் தவறும். பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். 'தூங்குமூஞ்சி' என்று பெயர் வைத்தது நாங்கள்தான். அவளும் சிரித்துக்கொள்வாள்.

துளையிட்ட அட்டைகளைச் சோதித்துப் பார்த்த நாளன்று, அதைக் கண்ணருகில் வைத்துக் கரும்பலகையைப் பார்க்கச் சொன்னார்கள் சிஸ்டர். எல்லோரும் பார்த்தோம். கொஞ்சம் இருட்டாகத் தெரிந்ததே தவிர எங்களுக்கு வேறொன்றும் புதிதாக இல்லை. அவள் மட்டும் அட்டையை எடுக்கவே இல்லை. பிறகு, "சிஸ்டர், போர்டு மூலையில தேதி எழுதியிருக்கு!" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். தினமும்தானே அங்கே தேதி எழுதுகிறோம்! சிஸ்டர் சிரிக்கவில்லை. அவள் அருகில் போய், "இதுவரை தெரியலையாம்மா?" என்று கேட்டார்கள். "எல்லாருக்கும் இப்படித்தான் மங்கலா தெரியும்னு நினைச்சேன் சிஸ்டர்" என்றாள். அதன்பின் வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

கிட்டப்பார்வை உள்ளவர்களின் கண்ணில், தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்து, திரையில் பரவி விழுகிறது. அதனால் மங்கல். நடுவில் ஒரு சிறு துளையை வைத்தால், மெல்லிய கற்றை மட்டுமே உள்ளே போகிறது, பரவுவதற்கு இடமில்லை, படம் தெளிவாகிறது. கண் மருத்துவர்களும் துளையிட்ட மறைப்பை வைத்துச் சோதிப்பது உண்டு. துளை வழியே தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்பதற்கு அது ஓர் அடையாளம். துளை கண்ணாடிக்குப் பதிலாகாது. மருத்துவரிடம் போகத் தூண்டும் ஒரு கைகாட்டி மட்டுமே. அந்த வாரமே அவள் அம்மா அவளைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். கிட்டப்பார்வை என்று உறுதியாயிற்று. இப்போது கண்ணாடி அணிந்திருக்கிறாள்.

பெற்றோரே, உங்கள் பெண் நோட்டில் தவறாக எழுதி வந்தால், திட்டுவதற்கு முன் ஓர் அட்டையில் ஊசியால் துளையிட்டு அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். தோழியரே, உங்கள் பெஞ்சிலும் ஒருத்தி சிரித்துச் சமாளித்துக்கொண்டிருக்கலாம்.

2031 மே 21 அன்று கேரளத்திலும் தென் தமிழகத்திலும் மீண்டும் ஒரு வளைய கிரகணம் தெரியும். அப்போது நாங்கள் பள்ளியில் இருக்க மாட்டோம். எங்கள் பெட்டிகளையும் அட்டைகளையும் விஞ்ஞானக் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். அன்று சிறு வகுப்புத் தங்கைகள் கதவைச் சாத்திக்கொள்ளாமல் வேப்பமரத்தடிக்கு வந்து தரையைப் பாருங்கள்.

எங்கள் தோழியின் கதையை அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதினோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். இக்கட்டுரையில் உள்ள எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, கடைசி பெஞ்சிலிருந்து படித்துச் சரிபார்த்தவளும் அவளே. இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தாள்.